அபெரிஸ்ட்வித்தில் பன்னாட்டு அரசியல் முதுகலை: படித்தவனின் மதிப்பீடு

பன்னாட்டு அரசியல் படிக்க பிரிட்டன் செல்பவர்களின் எண்ணம் பெரும்பாலும் லண்டனைத் தாண்டுவதில்லை. நான் போய்ச் சேர்ந்தது வேல்ஸின் மேற்குக் கடலோரத்தில், ரயில் பாதை முடிந்துவிடும் சிற்றூரான அபெரிஸ்ட்வித்துக்கு.

இத்துறைக்கென உலகில் முதல் பேராசிரியர் பதவி 1919இல் இங்குள்ள பல்கலைக்கழகத்தில்தான் ஏற்பட்டது. முதல் உலகப் போரில் மாண்ட மாணவர்களின் நினைவாக வேல்ஸ் செல்வந்தர் டேவிட் டேவிஸும் அவருடைய இரு சகோதரிகளும் 20,000 பவுண்டு வழங்க, அப்பதவிக்கு அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் பெயர் சூட்டப்பட்டது. 1936இல் அப்பதவியை ஏற்ற ஈ.எச். கார், பன்னாட்டு அமைப்புகளாலும் சட்டத்தாலும் போரைத் தடுக்கலாம் என்ற, வில்சன் வழிவந்த இலட்சியவாதத்தையே 1939இல் தம் நூலில் கடுமையாக விமர்சித்தார். நன்கொடையாளருக்கு அவர்மீது கசப்பு இருந்தும் 1947 வரை பதவியில் நீடித்தார். கொடுத்தவரின் கொள்கையை அவர் கொடுத்த நாற்காலியில் அமர்ந்தே மறுக்கலாம் என்ற அந்தத் துணிவை வகுப்புகளில் இன்றும் காண முடிகிறது.

முழுநேரப் படிப்பு ஓராண்டு. 180 கிரெடிட்டில் 60 ஆய்வேட்டுக்கு உரியவை. வகுப்பு நேரம் குறைவு, வாசிப்பு மிக அதிகம். குறிப்பெடுத்து மனப்பாடம் செய்து பழகிய எனக்கு முதல் மாதம் திணறலாகவே கழிந்தது. ஆனால், பாதுகாப்பு என்றால் யாருடைய பாதுகாப்பு என்று கேட்கும் விமர்சனப் பாதுகாப்பு ஆய்வுகள் அறிமுகமானபோது, பாக் நீரிணையில் படகைப் பறிகொடுக்கும் ராமேசுவரம் மீனவரையும், நம் இழுவைப் படகுகளால் வலையிழக்கும் யாழ்ப்பாண மீனவரையும் ஒரே கேள்விக்குள் வைத்துப் பார்க்க முடிந்தது. இந்த ஒரு பலனுக்காகவே படிப்பை நான் உயர்வாக மதிக்கிறேன். நடந்து போகும் தொலைவில் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகம், பிரிட்டனில் வெளியாகும் நூல்களைச் சட்டப்படி கேட்டுப் பெறும் உரிமையுடையது. ஆய்வேடு எழுதும் கோடையில் அதன் அருமை புரியும்.

குறைகளும் உண்டு. சிற்றூர் என்பதால் பகுதிநேர வேலை எளிதில் கிடைப்பதில்லை. காற்றும் மழையும் ஓய்வதில்லை. என் வாடகை அறையின் சுவரில் ஈரம் காய்ந்ததே இல்லை. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணமும் நம் குடும்பங்களுக்குப் பெரும் சுமை. ஆய்வை நோக்கிச் செல்பவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இந்திய வெளியுறவுப் பணியே இலக்கு என்றால், குடிமைப் பணித் தேர்வு எழுத ஏதேனும் ஒரு பட்டம் போதும். அதற்காக இங்கே வந்து கடன்பட வேண்டியதில்லை.