அடுத்த கோஸ்டர் என்னவாக இருக்கும்? சீடர் பாயின்ட் சீசன் பாஸ் அனுபவமும் என் கணிப்பும்

சீடர் பாயின்ட் என்ற கேளிக்கை பார்க்கில் அடுத்து வரப்போகும் ரோலர் கோஸ்டர் 200 அடி உயரத்தைத் தாண்டாது. செயின் பிடித்து மேலே இழுத்துப்போய் விடுகிற வகையாக இருக்காது. காந்த மோட்டார் தள்ளிவிடுகிற லாஞ்ச் வகையாக இருக்கும். நாலடி உயரப் பிள்ளைகளும் ஏறலாம். இதுதான் என் கணிப்பு. உலக ரெக்கார்டை உடைக்கும் இன்னொரு அசுர கோஸ்டருக்காகக் காத்திருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வருடா வருடம் சீசன் பாஸைப் புதுப்பித்து, பார்க்கை மூலை முடுக்கு விடாமல் நடந்து பார்த்ததில் தேறிய கணக்கு இது.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சாண்டஸ்கி ஊரை ஒட்டி ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் ஒரு நிலமுனையில் 1870 முதல் இயங்கும் பார்க் இது. கிளீவ்லாந்துப் பக்கம் குடியிருக்கும் எங்களுக்கு மேற்கே சுமார் ஒரு மணி நேர டிரைவ். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் விரிகுடா. மொத்தம் 364 ஏக்கர். அதில் ஹோட்டல், படகுத்துறை, கார் நிறுத்துமிடம், வாட்டர் பார்க் எல்லாம் போக மிச்சம்தான் ரைடுகளுக்கு. வேலியைத் தள்ளிப்போட்டு இடம் பிடிக்க வழியே கிடையாது. அதனால் இங்கே புதுசு வர வேண்டுமென்றால் பெரும்பாலும் பழசு ஒன்று போக வேண்டும். கணிக்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: கடைசியாக எதைக் கழற்றினார்கள்?

பழைய கதைகளைப் பாருங்கள். ஒயிட் வாட்டர் லேண்டிங் என்ற தண்ணீர் ரைடு 2005 சீசனோடு மூடப்பட்டது. 2007-ல் அங்கே மேவரிக் வந்தது. டிசாஸ்டர் டிரான்ஸ்போர்ட் என்ற உள்ளரங்கு கோஸ்டர் 2012-ல் போனது. அடுத்த வருடமே கேட்கீப்பர். நின்றுகொண்டே போகிற மேன்டிஸுக்கு உட்கார்ந்து போகிற வண்டி மாட்டி 2015-ல் ரூகரூ என்று பெயர் மாற்றினார்கள். எல்லாவற்றிலும் பெரிய கதை மீன் ஸ்ட்ரீக். 1991-ல் கட்டிய அந்த மரக் கோஸ்டரை 2016 செப்டம்பரில் மூடினார்கள். அடுத்து என்ன என்று பார்க் வாய் திறக்கவில்லை. ஆனால் மரச்சட்டத்தின் மேல் புது எஃகுத் தண்டவாளம் ஏறுவது பக்கத்து ரைடுகளில் இருந்து பார்த்தாலே தெரிந்தது. 2017 ஆகஸ்டில்தான் ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்று அறிவித்தார்கள், 2018-ல் திறந்தது. 205 அடி உயரம், மணிக்கு 74 மைல். இன்றைக்கும் அதற்குத்தான் என் முதல் ஓட்டு.

சரி, சமீபத்தில் போனது எது? ஸ்னேக் ரிவர் ஃபால்ஸ். 1993-ல் வந்த, 82 அடி உயரத்திலிருந்து படகு சரிந்து தண்ணீரை வாரி அடிக்கும் ரைடு. 2024 சீசனோடு அதற்கு விடை கொடுத்துவிட்டார்கள். இந்தக் குளிர்காலத்தில் உட்கார்ந்து யோசிக்கும்போது என் கண் அந்த நிலத்தின் மேல்தான்.

நிலத்தைப் பார்ப்பது என்றால் சும்மா எட்டிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் தரையைத் தோண்டுவதற்கு முன்னால் வண்ண ஸ்ப்ரே அடித்துக் குறி வைப்பார்கள். நீலம் என்றால் குடிநீர்க் குழாய், சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, ஆரஞ்சு தொலைத்தொடர்புக் கம்பி, பச்சை கழிவுநீர். இவற்றைப் பார்த்துவிட்டுக் குதிக்க வேண்டியதில்லை, குழாய் பழுதுபார்க்கக்கூட அடிப்பார்கள். இளஞ்சிவப்பு என்றால் சர்வே அளவு. வெள்ளை என்றால் இங்கே தோண்டப்போகிறோம் என்று அர்த்தம். இளஞ்சிவப்புக் கொடி கட்டிய சிறு குச்சிகளும் வெள்ளைக் கோடும் ஒரே இடத்தில் சேர்ந்து தெரிந்தால் அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்வேன். இரண்டு மூன்று வாரம் கழித்துப் போகும்போது குச்சிகள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தால் பாதை பிடிபட ஆரம்பிக்கும். சீசன் பாஸின் உண்மையான பலனே இதுதான் என்பேன். ஒரு நாள் டிக்கெட்டில் போகிறவருக்கு ரைடு ஏறத்தான் நேரம் இருக்கும். தரையைப் பார்த்து நடக்க நமக்குத்தான் பொறுமை உண்டு.

அடுத்த தடயம் உயரம். 200 அடிக்கு மேல் எழும் கட்டுமானம் எதுவானாலும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அந்த விண்ணப்பங்கள் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கும். ஆகவே அசுர கோஸ்டர் ஒன்றை ரகசியமாகக் கட்டுவது கஷ்டம். 2025 ஜூன் கடைசியில் திறந்த சைரன்ஸ் கர்ஸ் 160 அடிதான். அந்தக் கோட்டுக்கு அடியிலேயே எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம். மேலே போய் நின்று, தண்டவாளத் துண்டு நம்மோடு சேர்ந்து செங்குத்தாகச் சாய்ந்து, கீழே உள்ள பாதையோடு பூட்டிக்கொண்டு, அப்புறம் விடுவிக்கிறது. அந்தக் காத்திருப்பில் இருக்கும் பயத்துக்கு உயரம் தேவையே இல்லை.

இன்னொரு தடயம் ஒஹாயோவிலேயே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பி அண்ட் எம் என்ற கோஸ்டர் நிறுவனத்துக்கான தண்டவாளங்களைத் தெற்கு ஒஹாயோவில் பட்டேவியா என்ற ஊரில் உள்ள கிளெர்மான்ட் ஸ்டீல் ஃபேப்ரிகேட்டர்ஸ் தயாரிக்கிறது. சதுரப் பெட்டி போன்ற தடித்த முதுகெலும்பு உள்ள தண்டவாளம் என்றால் அது அவர்களுடையது. இங்கே ஓடும் ராப்டர், கேட்கீப்பர், வால்ரேவன் எல்லாம் அந்தக் குடும்பம்தான். அங்கே புது வண்ணத்தில் துண்டுகள் அடுக்கப்பட்டால் எந்தப் பார்க்குக்கு என்ற ஆராய்ச்சி உடனே தொடங்கிவிடும். வர்த்தக முத்திரைப் பதிவுகளை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பதிவாகும் பெயரெல்லாம் ரைடாக வருவதில்லை, சிலது டி-ஷர்ட்டில் முடியும்.

தடயங்கள் எப்போது, எங்கே என்று சொல்லும். எது என்று தெரிய வேண்டுமானால் இந்தப் பார்க்கில் என்ன குறை என்று பார்க்க வேண்டும்.

உயரத்தில் குறையே இல்லை. மேக்னம் 205 அடி, 1989-ல் முழுச்சுற்றுக் கோஸ்டர்களில் 200 அடியை முதலில் தாண்டியது. 2000-ல் மில்லேனியம் ஃபோர்ஸ், 310 அடி, மணிக்கு 93 மைல். 2003-ல் டாப் த்ரில் டிராக்ஸ்டர், 420 அடி, மணிக்கு 120 மைல். வால்ரேவன், ஸ்டீல் வெஞ்சன்ஸ் இரண்டையும் சேர்த்தால் 200 அடியைத் தாண்டியவை மட்டும் ஐந்து. ஆறாவதாக ஒன்று வந்து நமக்கு என்ன புதிதாகத் தந்துவிடும்?

டிராக்ஸ்டரின் பிற்காலக் கதையும் யோசிக்க வைக்கிறது. 2021 ஆகஸ்டில் அதிலிருந்து கழன்ற உலோகத் துண்டு பட்டு, வரிசையில் நின்ற ஒரு பெண் பலத்த காயமடைந்தார். ரைடை மூடி, ஜம்பெர்லா நிறுவனத்தை வைத்து டாப் த்ரில் 2 ஆக மாற்றி, 2024 மே மாதம் திறந்தார்கள். சில நாட்களிலேயே மறுபடி நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த சீசன் முழுக்க ஓடவில்லை. 2025-ல்தான் திரும்பி வந்தது. வந்த பிறகு ஏறிப் பார்த்தேன். மூன்று லாஞ்ச், நடுவில் பின்னோக்கிப் போய் செங்குத்துக் கோபுரத்தில் ஏறி முகம் தரையைப் பார்க்கத் தொங்கும் அந்த நொடி, உண்மையிலேயே அபாரம். ஆனால் இவ்வளவு பெரிய இயந்திரத்தைச் சீராக ஓட வைக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதைப் பார்க்கின் நிர்வாகமும் பார்த்துவிட்டது. உடனே இன்னொன்றில் கை வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு நேரெதிர் மேவரிக். உயரம் வெறும் 105 அடி. தூரத்தில் இருந்து பார்த்தால் பெரிய கோஸ்டர்களுக்கு நடுவே கண்ணிலேயே படாது. ஆனால் முதல் இறக்கமே 95 டிகிரி, அதாவது செங்குத்தையும் தாண்டி உள்பக்கம் மடிந்து இறங்கும். பாதி வழியில் இருட்டுச் சுரங்கத்துக்குள் வண்டி வேகம் குறைந்து, நிற்பதுபோல் பாவனை காட்டி, சட்டென்று மணிக்கு 70 மைலுக்கு உதைத்துத் தள்ளும். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்ததும் பாறைகளுக்கும் தண்ணீருக்கும் மேல் இடதும் வலதுமாகப் புரட்டி எடுக்கும். மூச்சு வாங்க இடைவெளியே கிடையாது. 2007-ல் திறப்பதற்கு முன் ஒரு உருளல் பகுதி வண்டிகள்மேல் அதிக அழுத்தம் தருகிறது என்று கண்டு, அந்தத் துண்டையே கழற்றி நேராக்கிவிட்டுத்தான் திறந்தார்கள். அப்படியும் பார்க்கிலேயே நான் அதிகம் திரும்ப ஏறுவது அதில்தான். உயரம் இல்லாமல் ஒரு கோஸ்டர் எவ்வளவு நன்றாக இருக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் மேவரிக்.

அப்போ குறை எங்கே? நுழைவில் நிற்கும் உயரக் கம்பத்தில் இருக்கிறது. போன கோடையில் ஊரிலிருந்து அண்ணன் குடும்பம் வந்திருந்தது. அண்ணன் மகன் ஸ்டீல் வெஞ்சன்ஸ் வாசலில் கம்பத்தை ஒட்டி நின்று, குதிகாலை மெல்லத் தூக்கினான். அங்கே வேலை பார்க்கும் பெண் சிரித்துக்கொண்டே ஷூவைத் தொட்டுக் காட்டி, கீழே வைக்கச் சொன்னார். 52 அங்குலக் கோடு அவன் தலைக்கு மேலே இருந்தது. “சித்தப்பா, எனக்கு ஏத்தது எது?” என்றான். மில்லேனியம் ஃபோர்ஸுக்கு 48 அங்குலம் போதும்தான், ஆனால் 310 அடியைப் பார்த்ததும் அண்ணி கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். மிச்சத்தில் மிதமானவை சில: 1969-ல் வந்த சீடர் கிரீக் மைன் ரைடு, 1987-ல் வந்த அயர்ன் டிராகன், 2023-ல் வந்த வைல்டு மவுஸ். மூன்றும் நல்ல ரைடுகள், எனக்குப் பிடித்தவையும்கூட. ஆனால் குழந்தைக் கோஸ்டருக்கும் அசுரக் கோஸ்டருக்கும் நடுவில், கொஞ்சம் வேகமும் கொஞ்சம் பயமுமாக, எட்டு வயதுப் பையனும் அவன் அம்மாவும் சேர்ந்து ஏறிவிட்டு மறுபடி ஓடிவந்து வரிசையில் நிற்கிற மாதிரி ஒன்று இங்கே வேண்டும். அந்த இடைவெளி பெரியது.

கம்பெனியின் போக்கும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. 2024 ஜூலையில் சீடர் பாயின்ட்டை நடத்திய சீடர் ஃபேரும், இன்னொரு பார்க் நிறுவனமான சிக்ஸ் ஃபிளாக்ஸும் ஒன்றாகின. இப்போது சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற பெயரில் ஒரே நிறுவனம், தலைக்கு மேல் கடன். அவர்களுடைய இன்னொரு பார்க்கான கனடாஸ் வொண்டர்லேண்டில் 2023-ல் குடும்பத்துக்கான லாஞ்ச் கோஸ்டர் வைத்தார்கள். சின்சினாட்டி பக்கம் உள்ள கிங்ஸ் ஐலண்டில் 2024-ல் சிறுவர்களுக்கான முன்னும் பின்னும் ஓடும் கோஸ்டர், 2026-க்கு உள்ளரங்க ரைடு ஒன்றை அறிவித்திருக்கிறார்கள். கிளீவ்லாந்து ஹைட்ஸில் வளர்ந்த அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் டிராவிஸ் கெல்சியும் ஒரு முதலீட்டுக் குழுவோடு சேர்ந்து 2025 அக்டோபரில் இந்த நிறுவனத்தில் பங்கு வாங்கியிருக்கிறார். சின்ன வயதில் சீடர் பாயின்ட்டுக்குப் போன நினைவு உள்ள ஒஹாயோக்காரர்களுக்கு அந்தச் செய்தி கொஞ்சம் தெம்பு தந்தது. முதலீட்டாளர்கள் கேட்கப்போவது கூட்டம் கூடுமா, குடும்பமாக வருவார்களா என்பதுதான்.

2025 நவம்பரில் மேரிலாந்தில் மூடிய சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்கா என்ற பார்க்கிலிருந்து ஏதாவது ஒன்றைக் கழற்றி இங்கே கொண்டுவருவார்களா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. கோஸ்டருக்கென்றே பெயர் வாங்கிய இடத்தில் பழைய வண்டியை முக்கிய வரவாக வைக்க மாட்டார்கள். மரக் கோஸ்டர் வேண்டும் என்பது என் சொந்த ஆசை. மீன் ஸ்ட்ரீக் போன பிறகு இங்கே மரத் தண்டவாளத்தில் ஓடுவது 1964-ன் புளூ ஸ்ட்ரீக் ஒன்றுதான். ஆசை வேறு, கணிப்பு வேறு என்பதால் அதைத் தனியே வைக்கிறேன்.

என் கணிப்பு எப்போது பொய்யாகும் என்றும் சொல்லிவிடுகிறேன். சாண்டஸ்கி முகவரியில் 200 அடிக்கு மேல் ஒரு விமானப் போக்குவரத்து விண்ணப்பம் வந்தால் நான் சொன்ன முதல் வரியே விழுந்துவிடும். பட்டேவியாவில் சதுர முதுகெலும்புத் துண்டுகள் இந்தப் பார்க்குக்கென்று அடுக்கப்பட்டாலும் குடும்ப லாஞ்ச் என்ற ஊகத்தை மறுபரிசீலனை செய்வேன். ஸ்னேக் ரிவர் ஃபால்ஸ் நிலத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் மட்டும் இன்னும் உறுதியாகப் பேசுவேன்.

பாஸ் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வரப்போவதை நம்பி வாங்காதீர்கள், இருப்பதற்காக வாங்குங்கள். சைரன்ஸ் கர்ஸ், டாப் த்ரில் 2, ஸ்டீல் வெஞ்சன்ஸ், மேவரிக் நான்கும் ஓடுகிற பார்க்குக்கு வருடத்தில் இரண்டு மூன்று தடவை போக முடிந்தாலே பாஸ் கட்டுப்படியாகும். ஜூன் முதல் வாரத்துச் செவ்வாய், புதனில் போங்கள். காலையில் கதவு திறந்ததும் நேராகப் பின்பக்கம் நடந்து ஸ்டீல் வெஞ்சன்ஸ், அடுத்து மேவரிக். பிள்ளைகள் கூட இருந்தால் வீட்டிலேயே ஷூவோடு அளந்துகொண்டு கிளம்புங்கள். வாசலில் போய் ஏமாற வேண்டாம்.