சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் ரிப்பேர் மாடிக்கடை ரிவ்யூ: செத்துப்போச்சுன்னு சொன்ன கிராபிக்ஸ் கார்டு இன்னும் ஓடுது

கடை பேர போட வேணாம், இருக்குற வேலையவே முடிக்க முடியலன்னு கடைக்கார அண்ணன் கேட்டுக்கிட்டாரு, அதனால பேர் போடல. நரசிங்கபுரம் தெரு பக்கம், மாடில, ஒரு ஆள் நின்னா அடுத்த ஆள் படியில நிக்கணும், அவ்ளோ தான் இடம். ஆனா பழைய கேமிங் பிசி வச்சிருக்கவங்க கண்டிப்பா படிக்கணும்னு தான் இவ்ளோ எழுதுறேன், ஏன்னா எனக்கு நடந்தது நிறைய பேருக்கு நடக்குது, நல்லா இருக்குற கார்ட தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுறாங்க.

என்னோடது 2016 டிசம்பர்ல அசெம்பிள் பண்ணது. ப்ராசஸர் ஐஃபைவ் 6500, கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. முதல் சம்பள போனஸ்ல வாங்குனது, அதனால அது மேல ஒரு தனி பாசம். போன வருஷம் மழை சீசன் முடிஞ்சதுலேந்து மக்கர். காலைல ஆன் பண்ணா ஃபேன் எல்லாம் சுத்தும், மானிட்டர்ல நோ சிக்னல்னு வரும், நாலஞ்சு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா திடீர்னு ஒண்ணுமே நடக்காத மாதிரி விண்டோஸ் வந்துடும். அப்புறம் நாள் முழுக்க பிரவுசர், படம் எல்லாம் நல்லா ஓடும். கேம் போட்டா தான் அரை மணி நேரத்துல ஸ்க்ரீன் கருப்பாகும், சவுண்ட் மட்டும் ஓடிட்டே இருக்கும், சில சமயம் தானா திரும்பி வரும், சில சமயம் மொத்தமா ரீஸ்டார்ட் ஆயிடும். விண்டோஸ் எரர் எல்லாம் பதிவாகுற ஈவென்ட் வியூவர்ல பாத்தா டிஸ்ப்ளே டிரைவர் நின்னு திரும்ப வந்துச்சுன்னு 4101 எரர், கூடவே கெர்னல் பவர் 41. இந்த 41ங்கிறது ஒழுங்கா ஷட் டவுன் ஆகலன்னு மட்டும் தான் சொல்லும், ஏன்னு சொல்லாது, அது தெரியாம அத வச்சே ஒரு வாரம் தேடிட்டு இருந்தேன்.

வீட்ல பண்ணாத வேலை இல்ல. சேஃப் மோட்ல போய் டிரைவர சுத்தமா தூக்கிட்டு பழைய வெர்ஷன் போட்டேன், ரேம் ஸ்லாட் மாத்தினேன், சிமாஸ் பேட்டரி புதுசு போட்டேன், விண்டோஸ் ரெண்டு தடவை போட்டேன். கடைசியா கார்ட கழட்டிட்டு மானிட்டர் கேபிள நேரா மதர்போர்டுல சொருகினேன். பத்து நாள் ஒரு பிரச்சன இல்ல! சரி கார்டு தான் போச்சுன்னு முடிவுக்கே வந்துட்டேன்.

முதல்ல எங்க ஏரியாலயே ஒரு கடைக்கு கொண்டு போனேன். அவங்களும் இதே தான் பண்ணாங்க, கார்ட கழட்டினாங்க, ஆன் ஆச்சு, "கார்டு போச்சு சார், புதுசு போட்டுக்கோங்க, இல்ல ஹீட் பண்ணி பாக்கலாம் கேரண்டி கிடையாது"ன்னாங்க. பாத்ததுக்கு 500 ரூபா. அஞ்சு நிமிஷம் கூட ஆகல. எனக்கு மனசு ஒப்பல, கார்ட ஹீட் பண்ண விடாம எடுத்துட்டு வந்துட்டேன், அது தான் நான் பண்ண நல்ல காரியம்.

அப்புறம் ஆபீஸ் நண்பர் சொல்லி இந்தக் கடை. திருவான்மியூர்ல ட்ரெயின் ஏறி சிந்தாதிரிப்பேட்டைல இறங்கி, சிபியு பெட்டிய ஒரு பெட்ஷீட்ல கட்டி தோள்ல வச்சு நடந்து போனேன்.

அண்ணன் பெட்டிய தொறக்கவே இல்ல, முதல்ல கேள்வி. "தம்பி, காலைல முதல் தடவை தான் மக்கர் பண்ணுதா, இல்ல மதியம் ஆஃப் பண்ணி உடனே ஆன் பண்ணாலும் பண்ணுதா?" காலைல மட்டும் தான்னு சொன்னேன். "பெட்டி வீட்ல நிக்குதா படுத்திருக்கா?" நிக்குதுன்னேன். "வீடு கடல் பக்கமா?" ஆமான்னேன். ஒரு துண்டுப் பேப்பர்ல மூணையும் எழுதி பெட்டி மேல ஒட்டினாரு. ஒரு மெக்கானிக் என்கிட்ட இப்படி கேட்டது அது தான் முதல் தடவை.

அப்புறம் என் கார்ட கழட்டி அவர் பெஞ்ச்ல இருந்த மெஷின்ல போட்டு ரெண்டு மணி நேரம் லோடு டெஸ்ட் ஓட விட்டாரு. ஒரு கோடு, ஒரு புள்ளி கூட வரல. அவரோட நல்ல கார்ட என் பெட்டில போட்டாரு, இருபதாவது நிமிஷம் கருப்பு. அப்பவே எனக்கு விளங்கிடுச்சு. கார்ட கழட்டினா ஓடுதுன்னா கார்டு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, 1060க்கு மட்டும் 120 வாட் வேணும், அத எடுத்துட்டா சுமை குறைஞ்சு நோஞ்சான் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்குற பவர் சப்ளை) கூட தாக்குப்பிடிக்கும், அவ்ளோ தான்.

எஸ்எம்பிஎஸ்லேந்து வர்ற மஞ்சள் வயர்லயும் (12 வோல்ட் லைன்) கருப்பு வயர்லயும் மல்டிமீட்டர் வச்சு காட்டினாரு. சும்மா இருக்கும்போது 11.8 வோல்ட். கேம் லோடு குடுத்ததும் 11.1க்கு இறங்குது. 12 வோல்ட் லைன்ல 5 சதவீதம் தான் முன்ன பின்ன போகலாம், அதாவது 11.4க்கு கீழ வரவே கூடாது. "மீட்டர் சராசரி தான் காட்டும், உள்ள இத விட மோசமா ஆடிட்டு இருக்கும்"னாரு.

என்னோடது கேபினட்டோட வந்த லோக்கல் 450 வாட் எஸ்எம்பிஎஸ். அப்ப செலவு மிச்சம்னு நாம எல்லாருமே பண்ற விஷயம். அத தனியா கழட்டி, உள்ள கரண்ட் நிக்கும்னு டிஸ்சார்ஜ் பண்ணிட்டு (வீட்ல தயவு செஞ்சு தொறக்காதீங்க, ப்ளக்க புடுங்கின பிறகும் உள்ள 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம்) மூடிய தூக்கினாரு. வரிசையா நிக்குற, வோல்டேஜ் ஆடாம பாத்துக்குற சின்ன கெபாசிட்டர்ல மூணு தலை உப்பிப்போய், ஒண்ணு மேல காஞ்ச கோந்து மாதிரி பிரவுன் கலர்ல கசிஞ்சிருக்கு. உள்ள இருக்குற திரவம் காஞ்சுட்டா கெபாசிட்டர் ராத்திரி பூரா ஆறி இருக்கும்போது சரியா வேலை செய்யாது, நாலஞ்சு தடவை ஆன் பண்ணதுல கொஞ்சம் சூடாகி அப்புறம் தான் ஒத்துழைக்கும், அதனால தான் காலைல மட்டும் மக்கர்னு விளக்கினாரு. அவரு அந்த முதல் கேள்விய ஏன் கேட்டாருன்னு அப்ப தான் புரிஞ்சுது.

புது எஸ்எம்பிஎஸ் 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze, கரண்ட் வீணாகாம இருக்குறதுக்கான தர முத்திரை), 4,300 ரூபா. மாட்டியாச்சு, ஓடுது, நான் கிளம்ப ரெடி. அவர் விடல. பெட்டிய நிக்க வச்சு ஆன் பண்ணாரு, நோ சிக்னல்! படுக்க வச்சா வருது, நிக்க வச்சா சில சமயம் வரல. கார்டோட வால் பக்கத்த விரலால லேசா தூக்கிப் பிடிச்சா டிஸ்ப்ளே வருது. வெளில எடுத்து லைட்ல காட்டினாரு, கார்டுல ஸ்லாட்டுக்குள்ள சொருகுற, தங்கக் கலர்ல மின்ன வேண்டிய அந்த பல்லுல நாலஞ்சு மங்கிப்போய் கறை படிஞ்சிருக்கு. உப்புக் காத்து. ஸ்கூல் பசங்க வெள்ளை ரப்பரால மெதுவா தேச்சு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு துடைச்சு, ஸ்லாட்டையும் பிரஷ் பண்ணி, கார்டு தொங்காம இருக்க கீழ ஒரு முட்டு குடுத்தாரு. ஆக ரெண்டு பிரச்சன ஒண்ணா கலந்து இருந்திருக்கு, நான் தனியா உக்காந்து தேடினதுல ஒரு கோர்வையே கிடைக்காம போனதுக்கு அது தான் காரணம். கடைல பெட்டிய படுக்க வச்சு தான் எல்லாரும் டெஸ்ட் பண்ணுவாங்க, நிக்க வச்சு பாத்த ஆள் இவர் ஒருத்தர் தான்.

சர்வீஸ் சார்ஜ் 600 ரூபா, கார்டுக்கு புது தெர்மல் பேஸ்ட்டும் சேத்து.

குறையும் சொல்லணும். மூணு நாள் ஆச்சு. நடுவுல போன் பண்ணா எடுக்க மாட்டாரு. எஸ்எம்பிஎஸ் பில் கேட்டு வாங்கிக்கோங்க, வாரண்டிக்கு அது தான் ஆதாரம், நான் கேக்கலன்னா குடுத்திருக்க மாட்டாரு. சர்வீஸ்க்கு ஒரு மாசம் கேரண்டின்னு வாய் வார்த்தை தான். உக்கார இடம் கிடையாது, பெரியவங்கள கூட்டிட்டு போகாதீங்க, படி ரொம்ப செங்குத்து.

ரேம் ஏத்தலாமான்னு கேட்டேன், வித்தா அவருக்கு லாபம், ஆனா வேணாம்னுட்டாரு. இந்த ப்ராசஸர் விண்டோஸ் 11 லிஸ்ட்ல இல்ல, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, 1060க்கு புது கேம் டிரைவரும் நின்னுடுச்சு, செக்யூரிட்டி அப்டேட் மட்டும் 2028 வரைக்கும் வரும். "இருக்குறத ஓட்டுங்க தம்பி, இந்த எஸ்எம்பிஎஸ் அடுத்த பெட்டிக்கும் ஆகும், மத்ததுல காசு போடாதீங்க." இப்ப அஞ்சு வாரம் ஆச்சு, தினமும் காலைல முதல் அமுக்குலயே வருது.

போறவங்க ஞாயித்துக்கிழமை போகாதீங்க, லீவு. எப்ப எப்ப மக்கர் பண்ணுதுன்னு நாலு நாள் நேரத்தோட குறிச்சு எடுத்துட்டு போங்க, அவர் முதல்ல கேக்குறது அது தான். மானிட்டர் கேபிளயும் பவர் கார்டையும் சேத்து கொண்டு போங்க, நான் விட்டுட்டு போனதால கேபிள் சந்தேகத்த தீக்க மறுபடி ஒரு ட்ரெயின் ஏற வேண்டியதா போச்சு.