ஓருவலா, சிபிலா?

இரண்டு நாவல்களும் 1956இல் வந்தவை. ஒன்று சி. எஸ். லூயிஸின் 'டில் வீ ஹேவ் ஃபேசஸ்', மற்றது பெர் லாகர்க்விஸ்டின் 'தி சிபில்'. லூயிஸ் நாத்திகத்திலிருந்து கிறிஸ்தவத்துக்குத் திரும்பியவர். க.நா.சு. மொழிபெயர்த்த 'அன்பு வழி' நாவல் மூலம் நமக்கு ஏற்கெனவே அறிமுகமான லாகர்க்விஸ்டோ தன்னை மதப்பற்றுள்ள நாத்திகன் என்று சொல்லிக்கொண்டவர். மனசுக்குள் சந்தேகத்தோடு பூசைக்குப் போய்வருகிற ஒருவர் எதை முதலில் எடுக்கலாம்?

லூயிஸ் எடுத்தது பழைய ரோம எழுத்தாளர் அபுலேயஸ் சொன்ன கதை: காதல் தெய்வம் க்யூபிட், அவன் மணந்த மானிடப் பெண் சைக்கி. அவர் செய்த பெரிய மாற்றம் ஒன்றுதான்: பழைய கதையில் சைக்கியின் அக்காமார் தெய்வத்தின் மாளிகையைக் கண்ணால் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள், இங்கே அக்கா ஓருவலுக்கு அது தெரியவே தெரியாது. தங்கை மது என்று நீட்டுவது இவளுக்கு உள்ளங்கைத் தண்ணீர். அப்புறம் விடியுமுன் ஆற்றில் மண்டியிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்கிறாள், பனிமூட்டத்துக்குள் மாளிகை நிற்கிறது, எழுவதற்குள் காணோம். பார்த்தாளா, இல்லையா? இந்த ஓர் இடத்துக்காகவே புத்தகத்தை வாங்கலாம். முகமில்லாத கல்தெய்வம் உங்கிட், பலியின் இரத்தம், எல்லாவற்றுக்கும் நியாயம் பேசுகிற கிரேக்க வாத்தியார்: இதற்கெல்லாம் நமக்கு விளக்கவுரை தேவையில்லை.

எனக்கு இடிப்பது இரண்டாம் பாகம். தெய்வங்கள்மீது ஓருவல் எழுதிய குற்றச்சாட்டை அவளே வாசிக்க வாசிக்க, குற்றம் அவள் பக்கம் திரும்பிவிடுகிறது. தங்கைமேல் வைத்த பாசம் ஆளை விழுங்குகிற பாசம் என்று தெரிகிறது. அழகான எழுத்துத்தான், சரி. ஆனால் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் பூசையில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த ஊரிலிருந்து வாசிக்கும்போது, கேள்வி கேட்டவரையே 'முதலில் உன்னைப் பார்' என்று திருப்புகிற பதில் தொண்டையில் நிற்கிறது.

லாகர்க்விஸ்ட் அப்படித் திருப்புவதில்லை. சிலுவை சுமந்து வந்தவனைத் தன் வீட்டுச் சுவரில் சாய விடாததற்காகச் சாபம் வாங்கியவன், கிரேக்கரின் டெல்ஃபி கோயிலிலிருந்து துரத்தப்பட்ட கிழட்டுக் குறிகாரியிடம், அதாவது சிபிலிடம், வந்து தன் விதி என்ன என்று கேட்கிறான். அவளும் தெய்வத்தால் சீரழிந்தவள்தான். நீ திட்டுவதைப் பார்த்தால் உன் நெஞ்சு முழுக்க அந்தக் கடவுள்தானே இருக்கிறார் என்பதுபோலச் சொல்கிறாள், அவ்வளவுதான், ஆறுதல் கிடையாது. பாத்திரங்கள் ஓருவல் அளவுக்கு உயிரோடு இல்லை, நடுவில் குறிகாரியின் காதல் கதை கொஞ்சம் இழுக்கிறது. இருந்தாலும் கோபத்தில் இருக்கிறவர் கையில் நான் கொடுப்பது இதைத்தான், சின்னப் புத்தகமும்கூட. லூயிஸை அடுத்த வருடம் வாசிக்கட்டும்.