தோட்டத்து ஈ.பி.எப். கேள்விக்கு எந்தக் கந்தோர் பதில் சொல்லும்?

ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) என்று ஒரே பேரில் சொன்னாலும் வேலை இரண்டு இடத்தில் நடக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி நிர்வாகம் தொழில் ஆணையாளர் நாயகத்திடம். பணமும் கணக்கும் மத்திய வங்கியிடம். மலையகத்தில் வேலையை விட்டு நிற்பவர்களின் விண்ணப்பங்களோடு பல வருடம் பழகியதில் ஒன்று தெளிவு: கேள்வியை அதற்குரிய இடத்தில் கேட்டாலே பெரும்பகுதி அலைச்சல் குறையும்.

படிவத்தை ஏற்பது, பணம் பெற உரிமை உண்டா என்று தீர்மானிப்பது, தோட்டம் கட்டாமல் விட்டதை அறவிடுவது எல்லாம் தொழில் ஆணையாளர் நாயகத்தின் கீழுள்ள லேபர் கந்தோரின் வேலை. ஹட்டன், நுவரெலியா, பதுளை போன்ற இடங்களில் கந்தோர்கள் இருக்கின்றன. கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எந்த மாதம் விடுபட்டிருக்கிறது, அனுமதி கிடைத்த பிறகு பணம் ஏன் வங்கிப் புத்தகத்தில் விழவில்லை என்பவற்றை மத்திய வங்கியின் ஈ.பி.எப். திணைக்களத்தில்தான் கேட்க வேண்டும். தோட்டம் கட்டும் 3 வீத ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) முற்றிலும் வேறு சபை, வேறு விண்ணப்பம். சம்பளத்துண்டில் ஈ.எஸ்.பி.எஸ். அல்லது சி.பி.பி.எஸ். என்று இருந்தால் அந்தப் பணத்தை மத்திய வங்கியில் தேடிப் பயனில்லை. அவை தனிச் சேமலாப நிதிகள், அங்கேதான் எழுத வேண்டும்.

ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் வேலையை விட்டால் பணம் எடுக்க 'கே' படிவம். அங்கத்தவர் இறந்துவிட்டால் உரித்தாளிகள் 'எல்' படிவம் கொடுக்க வேண்டும். வேலையை விட்ட திகதியைத் தோட்டக் கந்தோர் உறுதிப்படுத்த வேண்டும். அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி, ஈ.பி.எப். அங்கத்தவர் அட்டையான 'பீ' அட்டை ஆகியவற்றோடு விண்ணப்பதாரரே நேரில் போவது நல்லது. கருமபீடத்தில் முதலில் கேட்பது பேரை அல்ல, இலக்கத்தை: வலய எழுத்து, தொழில்தருநர் இலக்கம், அங்கத்தவர் இலக்கம். மூன்றும் கையில் இல்லாவிட்டால் பெரும்பாலும் அன்றைய பயணம் வீண்.

விண்ணப்பக் கோவை (பைல்) சிக்கி நிற்பது அநேகமாகப் பேரில். தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் 'லெட்சுமி', அடையாள அட்டையில் 'லக்ஷ்மி', பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. தமிழ்ப் பேரைச் சிங்களத்தில் எழுதி, அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதும்போது தகப்பன் பேரின் முதலெழுத்தும் மாறிப்போகும். கல்யாணம் கட்டி வேறு தோட்டத்துக்குப் போன பெண்களுக்கு அங்கே புது இலக்கம் விழுந்திருக்கும். பழைய கணக்கு தனியாகக் கிடக்கும். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறியபோது தொழில்தருநர் இலக்கம் மாறியிருந்தால் அதற்கு முந்திய சேவையும் இன்னொரு கணக்கில் இருக்கலாம். இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் கொடுக்கும் சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தரின் சான்று, தோட்டக் கந்தோரின் கடிதம் மூன்றையும் தயார் செய்து, கணக்குகளை ஒன்றிணைக்கச் சொல்லி 'கே' படிவத்துக்கு முன்னமே விண்ணப்பியுங்கள். 50, 55 வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாற்பது வயதில் செய்தால் சாட்சி சொல்ல பழைய கணக்கப்பிள்ளையாவது இருப்பார்.

அடுத்தது, கட்டாத மாதங்கள். சம்பளத்தில் தொழிலாளியிடம் 8, தோட்டம் 12, ஆக 20 வீதம் அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். துண்டில் கழித்திருப்பது பணம் போனதற்கு அத்தாட்சி ஆகாது. ஆனால் முறைப்பாட்டில் அதைவிட வலுவான ஆவணம் கிடையாது, ஆகவே சம்பளத்துண்டுகளை எறியாதீர்கள். கைக்காசு ஆட்களுக்கு ஈ.பி.எப். இல்லை என்பதும் சரியல்ல. தற்காலிக வேலைக்கும் சட்டம் பொருந்தும்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். எங்கிருந்தாலும் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. தொலைபேசியில் சொல்லும் 'அனுப்பியாச்சு' எதற்கும் உதவாது. எந்தத் திகதியில், எந்த இலக்கக் கடிதத்தில் அனுப்பினார்கள் என்று குறித்துக்கொண்டால்தான் அடுத்த கந்தோரில் பேச முடியும். பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். 'என் கோவை இன்று யாரிடம், எந்த ஆவணம் குறைகிறது' என்று இரண்டே கேள்வி போதும். நீண்ட மனக்குறைக் கடிதத்தை விட இது வேகமாக நகர்கிறது.

சேவைக்காலப் பணம் (கிராஜுவிட்டி) இந்த இரண்டு இடத்திலும் இல்லை. அதைத் தோட்டமே தர வேண்டும்: 5 வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம், 30 வருடமென்றால் 420 நாட் சம்பளம். விலகி 30 நாளுக்குள் வராவிட்டால் லேபர் கந்தோரில் ஈ.பி.எப். கோவையோடு சேர்க்காமல் தனி முறைப்பாடாகக் கொடுங்கள். சேர்த்துக் கொடுத்தால் ஒன்று முடியும்வரை மற்றதும் கிடப்பில் கிடக்கும்.