பிரதிபட்ச பாவனை: பல வருடம் பழகியும் தீராத ஒரு குறை

யோக ஒழுக்கங்களான இயம நியமம் பத்தில் (விலக்க வேண்டியவை ஐந்து, கடைப்பிடிக்க வேண்டியவை ஐந்து) எதை முதலில் கையில் எடுப்பது என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பத்தையும் காத்துக்கொள்ள, யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி கொடுத்த கருவியைப் பற்றிப் பேசாமல் அந்த ஒரு வரி உதவாது. பத்தின் பெயரும் பொருளும் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கருவி என்பது பிரதிபட்ச பாவனை. அதைத் தருவது, யோக சூத்திரத்தின் இரண்டாம் பகுதியான சாதன பாதத்தின் 33ஆம் சூத்திரம். மனம் இயமத்துக்கு எதிராக இழுக்கும்போது அதற்கு மாறானதை மனத்தில் எண்ணச் சொல்கிறது. குறை என்னவென்றால், அது நேரத்துக்கு வருவதில்லை. சுடுசொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் சூத்திரம் ஞாபகத்துக்கு வருகிறது. எத்தனை வருடம் பழகினாலும் எரிச்சலூட்டுவது இதுதான்.

கோபம் எண்ணமாக எழுமுன்பே உடம்பில் வந்துவிடுகிறது. தாடை இறுகும், மூச்சு மேல்நெஞ்சில் நிற்கும், உள்ளங்கை சூடாகும். எண்ணம் வரட்டும் என்று காத்திருப்பவர் எப்போதும் பிந்திவிடுவார். ஆகவே இவற்றில் தனக்கு முதலில் வருவது எது என்று ஒரு வாரம் கவனித்து, அதை மட்டும் அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றையும் கவனிக்கப் போனால் ஒன்றும் பிடிபடாது. அடையாளம் தெரிந்ததும் முதல் வேலை மூச்சை விடுவது: நான்கு எண்ணி உள்ளே, ஆறிலிருந்து எட்டு எண்ணி வெளியே, மூன்று சுற்று. கும்பகம் (மூச்சை அடக்கி நிறுத்துவது) வேண்டாம், ஏற்கெனவே நின்றுபோன மூச்சை மேலும் பிடித்தால் இறுக்கம் கூடும். பாவனை அதற்குப் பிறகுதான்.

எழுதி அனுப்பும் பதில், மனத்தாங்கல், பொறாமை என்று மெல்லச் சூடேறுகிறவற்றில் இது அருமையாக வேலை செய்கிறது. நேருக்கு நேர் வாக்குவாதத்தில் பாதி நேரம் கைவிட்டுவிடும். அதைச் சொல்லாமல் மறைத்துக் கற்றுக்கொடுப்பது நியாயமில்லை.

அதைவிடப் பெரிய வருத்தம், இதை 'நல்லதையே நினை' என்று சுருக்கிவிடுவது. திட்டியவரை 'அவர் நல்லவர்' என்று வலிந்து நினைத்தால், அகிம்சையைக் காப்பாற்றச் சத்தியத்தை உடைத்தாயிற்று. எதை நினைக்க வேண்டும் என்று அடுத்த சூத்திரமே சொல்கிறது: இத்தகைய தவறுகளின் பலன் முடிவில்லாத துன்பமும் அறியாமையும். அதாவது, 'இதைச் செய்தால் எங்கே போய் நிற்பேன்' என்ற கேள்வி. இந்தக் கேள்விக்கு எதிராளி நல்லவரா கெட்டவரா என்பது தேவையே இல்லை. அதனால்தான் கோபத்தின் நடுவிலும் அது பொய்யாக ஒலிப்பதில்லை.

அதே 34ஆம் சூத்திரத்தில் ஒரு புதையல் இருக்கிறது. தவறு தானே செய்தது, பிறரைக்கொண்டு செய்வித்தது, பிறர் செய்ததற்கு உடன்பட்டது என மூன்று வகை. பேராசை, சினம், அறிவு மயக்கம் எனக் காரணம் மூன்று. மென்மை, நடுத்தரம், கடுமை என அளவு மூன்று. பெருக்கினால் 27. இரவில் ஐந்து நிமிடம், ஒரு நோட்டில் வகை, காரணம், அளவு என மூன்று சொற்களை மட்டும் எழுதிப் பாருங்கள். 'உடன்பாடு, மயக்கம், மென்மை' என்பதே அடிக்கடி வரும். யாரையோ கேலி செய்தபோது கூடச் சிரித்தது அது. 'நான் யாரையும் புண்படுத்தவில்லை' என்று நம்பியிருந்தவருக்கு அந்த ஒரு வரி போதும்.

நோட்டில் பெயரும் சம்பவமும் எழுதக் கூடாது. எழுதினால் ஆறிய கோபம் மீண்டும் கொதிக்கும், நோட்டு குற்றப்பத்திரிகை ஆகிவிடும். இதை நியமங்களில் ஒன்றான சுவாத்தியாயம் என்று அழைப்பதும் சரியல்ல. யோக சூத்திரத்துக்கான வியாச உரைப்படி சுவாத்தியாயம் என்பது மோட்ச நூல்களைப் பயில்வதும் பிரணவ (ஓம்) ஜபமும்.

உண்மை சொன்னால் ஒருவர் நோவாரே என்ற இடத்தில் சூத்திரத்தோடு குறளையும் வைத்துக்கொள்வது நல்லது. 31ஆம் சூத்திரம் இயமங்களுக்கு இடம், காலம் பார்த்து விலக்குத் தராது. வள்ளுவரோ கொல்லாமையை முதலில் வைத்து, பொய்யாமையை அதன் பின் வைக்கிறார் (323). நடைமுறையில், கசப்பான உண்மையை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். மறுநாளும் அதைச் சொல்வது அவருக்குப் பயன்படும் என்று பட்டால் தனியாகச் சொல்லுங்கள்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, நண்பருக்கு நான் சொல்வது இது: பிரதிபட்ச பாவனையில் தொடங்காதீர்கள். இன்று அதன்மேல் எனக்கு நம்பிக்கை குறைவாகவே இருக்கிறது. அகிம்சையிலும் வேண்டாம், அது மிகப் பெரிது. அஸ்தேயத்தை (திருடாமையை) எடுங்கள். சொன்ன நேரத்துக்குப் போவது, பிறர் யோசனையை அவர் பெயரோடு சொல்வது, இரவல் வாங்கியதைக் கேட்குமுன் திருப்பித் தருவது. செய்தோமா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். ஒரு மாதம் கழித்து நோட்டை எடுங்கள்.