பார்சலில் அடிபட்டு வந்த ஆம்ப்ளிஃபையர்: திருப்பி அனுப்புவதா, தள்ளுபடியோடு வைத்துக்கொள்வதா?

சென்ற ஆண்டு ஆடி மாதம் மும்பையிலிருந்து லாரி பார்சலில் கோவையில் எனக்கு வந்து சேர்ந்த 27 கிலோ ஜப்பானிய ஆம்ப்ளிஃபையரின் அட்டைப்பெட்டி, ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு நசுங்கியிருந்தது. பிரித்துப் பார்த்தால் பின்பக்கத்து வலது கால் உள்ளே மடங்கியிருந்தது. மேல்மூடியின் நடுவில் ஒரு குழியும் விழுந்திருந்தது. விலை 2,40,000 ரூபாய். திருப்பி அனுப்பினால் வேறொன்று தருவதாகவும், வைத்துக்கொண்டால் விலையில் கால் பங்கைக் குறைப்பதாகவும் விற்பனையாளர் சொன்னார்.

கோவையில் குடியிருப்பவருக்கு இரண்டாவது வழியின் மேல் ஆசை வருவது இயற்கை. தகட்டை நிமிர்த்திப் பவுடர் கோட்டிங் அடித்துத் தர கணபதிப் பக்கம் பட்டறைகள் இருக்கின்றன. மோட்டாருக்குக் காயில் கட்டுவது பீளமேட்டில் பரம்பரைத் தொழில் போன்றது. அறுபதாயிரம் ரூபாய் மிச்சமாகும்போது, சில ஆயிரங்களில் வேலையை முடித்துவிடலாம் என்றுதான் நானும் முதலில் கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கு சரியா என்பதை, அடி எங்கே விழுந்தது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். யமஹா ஏ-எஸ் 3200 ஆம்ப்ளிஃபையரின் எடை 24.7 கிலோ, அக்யூஃபேஸ் இ-800 மாடலின் எடை 36 கிலோ. இந்த எடையில் பெரும்பங்கு டிரான்ஸ்ஃபார்மருக்கும், சூட்டை வெளியேற்றும் இதழ் இதழான உலோகப் பகுதியான ஹீட்சிங்குக்கும் உரியது. பெட்டி கீழே விழும்போது வெளிக்கூடு தரையில் தட்டி நின்றுவிட்டாலும், உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதே வேகத்தில் அடித்தகட்டையும் சேர்த்து இழுக்கிறது. தகடு வளைந்தால் அதன் மேல் திருகப்பட்டிருக்கும் சர்க்யூட் போர்டும் வளைகிறது. போர்டு வளைந்தால் ஈயப்பற்றில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுகிறது. அந்தக் கீறல் முதல் நாளே தொல்லை தராமல், சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக வாய் பிளக்கிறது. ஆகவே ‘பாடுகிறதே’ என்பதை மட்டும் நம்பித் தள்ளுபடியை ஏற்றுக்கொள்வது சரியாகாது.

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் காயில் கட்டும் நண்பர் ஒருவர். வளையம் போன்ற டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மரை அடித்தகட்டோடு இறுக்கிப் பிடிப்பது பெரும்பாலும் அதன் நடுத்துளை வழியாகச் செல்லும் ஒரே ஒரு போல்ட்தான். நான் மூடியை மறுபடி மாட்டப் போனபோது, “வேண்டாமுங்க, போல்ட்டு மூடியத் தொடுதுங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார். மூடியின் குழிக்கு அடியில் போல்ட்டின் தலை பதிந்த வட்டத் தடம் பளபளவென்று தெரிந்தது. போல்ட்டின் கீழ்முனை அடித்தகட்டிலும் மேல்முனை மூடியிலும் பட்டுவிட்டால், இவை மூன்றும் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிய ஒற்றைச் சுற்றுக் காயிலாகிவிடும். அதில் பாயும் மின்னோட்டம் மிக அதிகம். பியூஸ் போகலாம், டிரான்ஸ்ஃபார்மரே சூடேறிக் கருகலாம். அந்தப் பெட்டியை நான் அதுவரை மின்சாரத்தில் இணைக்காமல் இருந்தது நல்லதாயிற்று.

அதே சமயம், பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் சேதம் சில நேரம் சிறியதாக இருக்கும். அமெரிக்க நிறுவனமான மெக்கின்டாஷின் ஆம்ப்ளிஃபையரில் முகப்புக் கண்ணாடி உடைந்து வந்தால் பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும். உள்ளே உலோகச் சட்டம் நேராக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஈரோட்டு நண்பர் ஒருவர், ஹீட்சிங்கின் இரண்டு இதழ்கள் மடங்கி, வால்யூம் குமிழ் உடைந்து வந்த ஆம்ப்ளிஃபையரைத் தள்ளுபடியோடு வைத்துக்கொண்டார். அவர் செய்தது சரி என்பதே என் கருத்து. உள்ளே ஷார்ட் இருந்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்காக, அவர் முதலில் 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுத்தார். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிய பின், ஸ்பீக்கர் முனைகளில், ஸ்பீக்கரைக் கெடுக்கக்கூடிய டிசி வோல்டேஜ் 50 மில்லிவோல்ட்டைத் தாண்டவில்லை என்று மீட்டரில் பார்த்தார். இரண்டு மணி நேரம் சூடேறிய பிறகு மறுபடியும் அளந்தார். அதன் பின்னரே சம்மதம் சொன்னார்.

விற்பனையாளரே சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிப் பழுதுபார்த்துத் தருவது மூன்றாவது வழி. அசல் உதிரிபாகம் கிடைக்கும் என்பது அதன் பலம். ஸ்பீக்கருக்கு மின்சாரம் தரும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் போலிகள் மலிந்துள்ள காலத்தில் அது சிறிய பலமன்று. ஆனால் வளைந்த தகட்டின் மேல் இருந்த போர்டை அவர்களும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடக்கூடும் என்பதால், புதிய பொருளுக்கு அதை நான் ஏற்கமாட்டேன்.

எந்த வழியில் போனாலும் நசுங்கிய பெட்டியைப் படமெடுத்து, கையெழுத்துப் போடும் முன் டெலிவரி ரசீதிலேயே சேதத்தை எழுத வேண்டும். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக்கிங் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்தால்தான் லாரி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர முடியும். இன்சூரன்ஸ் இருந்தால், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும்வரை ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் இருப்பது நல்லது.

நான் திருப்பி அனுப்பினேன். போகிற வழியில் இன்னொரு அடி பட்டால் யார் பொறுப்பு என்ற தகராறு வரக்கூடாது என்பதற்காக, உக்கடத்து ஆசாரி ஒருவரிடம் பிளைவுட் பெட்டி செய்து, அட்டைப்பெட்டியை அதனுள் வைத்து, எட்டு மூலைகளிலும் கெட்டியான ஃபோம் கொடுத்து அனுப்பினேன். கேட்டுக்கொண்டபடியே, அடுத்த ஆம்ப்ளிஃபையரும் அதே பிளைவுட் பெட்டியில் வந்தது. வெளிப்பலகையில் ஒரு முனை சிதைந்திருந்தது, உள்ளே அட்டைப்பெட்டியில் சுருக்கம்கூட விழவில்லை.