முதல்–சினை உறவைத் தரவில் பதிவது: வேர்ட்நெட் முறை நெடுநாள் பயன்பாட்டில் எப்படி?

முதல் என்பது முழுப்பொருள், சினை என்பது அதன் பகுதி. சொற்களைப் பொருள் உறவுகளால் இணைக்கும் ஆங்கிலச் சொல்தரவுத்தளமான வேர்ட்நெட் இந்த உறவை மூன்றாகப் பிரிக்கிறது: உறுப்பு (மரம்–கிளை), அங்கத்தினர் (காடு–மரம்), மூலப்பொருள் (மரம்–வைரம், அதாவது நடுவிலுள்ள கெட்டிக் கட்டை). தொடங்க இந்த மூன்றே போதும். 1987-இல் வின்ஸ்டன், சாஃபின், ஹெர்மன் மூவரும் தந்த ஆறு வகைப் பாகுபாடு இன்னும் நுட்பமானது. ஆனால் இருவரைக் குறியிட வைத்தால் எது உறுப்பு, எது துண்டு என்பதிலேயே இழுபறி தொடங்கிவிடும்.

பலரும் தடுக்குவது மரபேற்றத்தில், அதாவது பொதுப்பொருளின் உறுப்புகள் அதன் வகைகளுக்கும் வந்து சேர்வதில். என்எல்டிகே (NLTK) என்ற பைத்தான் நிரல் தொகுப்பு வழியாக வேர்ட்நெட்டில் காருக்கு உறுப்புகளைக் கேட்டால் பம்பர், கதவு, கூரை என 29 வரும், சக்கரம் வராது! அது மூன்று படி மேலே, சக்கர வாகனம் என்ற பொதுப்பொருளில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு படியாக மேலேறித் திரட்டும் ஒரு சிறு நிரலை முதலிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் தரவிலும் சினையைப் பொருந்தும் மிக உயர்ந்த படியில் ஒரே முறை பதியுங்கள். விலக்குகளைக் குறிக்க அட்டவணையில் தனி நெடுவரிசை வேண்டும், இல்லாவிட்டால் பாம்புக்கும் கால் முளைக்கும்.

சங்கிலியாக இணைக்கும்போது வகை மாறினால் நிறுத்திவிடுங்கள். விரல் கையின் உறுப்பு, கை வீரனின் உறுப்பு, இதுவரை சரி. வீரன் படையின் அங்கத்தினன் என்பதால் விரலைப் படையில் சேர்க்க முடியாது.

தமிழ்த் தரவிலிருந்து இணைகளைத் தானாக எடுப்பதுதான் உண்மையான பாடு. 'மரத்தின் கிளை' என்ற வாய்பாட்டைத் தேடினால் 'மரத்தின் விலை', 'மரத்தின் நிழல்' எல்லாம் கூடவே வந்து கொட்டும். சொல்லை அடிச்சொல்லாகவும் ஒட்டுகளாகவும் பிரிக்கும் உருபனியல் பகுப்பான் இல்லாமல் தேடினால் 'மரத்து', 'வீட்டு', 'ஆற்று' போன்ற சாரியை ஏற்ற, இரட்டித்த வடிவங்கள் கைநழுவும். 'மரக்கிளை' போன்ற தொகைகள் ஒரே டோக்கனாக (கணினி ஒரு சொல்லாக எண்ணும் அலகாக) நிற்பதால் அவற்றையும் பிரித்தாக வேண்டும்.

இதைவிடத் துல்லியமான வாய்பாடு நம் இலக்கணத்திலேயே கிடக்கிறது. முதலுக்கு ஐ உருபு வந்தால் சினைக்குக் கண் உருபு (இன்று 'இல்') வரும், முதலுக்கு அது உருபு (இன்று 'உடைய') வந்தால் சினைக்கு ஐ வரும் என்கிறது நன்னூல். 'நாய் அவனைக் காலில் கடித்தது', 'நாய் அவனுடைய காலைக் கடித்தது' என இரண்டு வடிவமும் ஒரே வினையோடு வந்தால் கால் சினை என்று துணிந்து ஏற்கலாம். 'அவனைத் தெருவில் அடித்தார்கள்' என்பதும் முதல் வடிவில் மாட்டும்; ஆனால் 'அவனுடைய தெருவை அடித்தார்கள்' என்று யாரும் எழுதுவதில்லை, அதனால் தானே கழிந்துவிடும். கடி, தட்டு, குத்து, வெட்டு போன்ற தொடுவினைகளுக்குத்தான் இது பலிக்கும் என்பதால் கிடைக்கும் இணைகள் குறைவு. உயிருள்ளவற்றின் உறுப்புகளுக்கு அருமை, இயந்திரங்களுக்கு அவ்வளவாக உதவாது.

சேமிக்கும்போது சொல்லைச் சேமிக்காமல் பொருள் எண்ணைச் சேமியுங்கள். 'கால்' உடலுறுப்பும் ஆகும், நான்கில் ஒரு பங்கும் ஆகும். வேர்ட்நெட்டின் எட்டு இலக்க எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், பதிப்பையும் சேர்த்தே எழுத வேண்டும். உறவை ஒரு திசையில் மட்டும் வைத்து மறுதிசையை நிரலால் வருவியுங்கள். இரண்டையும் கையால் பதிந்தால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது பழையபடியே கிடக்கும்.